ஒரு மீட்டர் அறுபத்தேழு

இன்னொண்ணு வருது. சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடியே தண்ணித் தொட்டி மூடி கடகடன்னு ஆடுது, அதுலயே தெரிஞ்சிடும். நிமிர்ந்து பாக்கக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சிட்டு உக்காந்திருக்கேன். பாத்தா மட்டும் என்ன ஆகப்போகுது, மாசிலாமணி பாக்கறான்னு கொஞ்சம் மேல ஏறிப் போகவா போகுது? பாத்துட்டேன். வெள்ளை வயிறு, அதுல கறுப்பா எண்ணெய்க் கறை, தொங்குற சக்கரம், சக்கரத்துக்குப் பக்கத்துல ஏதோ சிவப்பா எழுதியிருக்கு, இன்னும் கொஞ்சம் கண்ணு நல்லா இருந்தா படிச்சிடலாம். போயிடுச்சு. நாலு நிமிஷம். நாலு நிமிஷத்துக்கு ஒரு பிளேன், பத்தரை மணியிலேர்ந்து இது ஒம்பதாவது. எழுந்து நிக்க பயமா இருக்கு. அஞ்சு மாடி ஏறி வந்து, மொட்டைமாடியில, என் கையெழுத்துல எழும்பின கட்டடத்துல, தொட்டி நிழல்ல குத்தவச்சு உக்காந்திருக்கேன், கோழி திருடினவன் மாதிரி. சட்டைப்பையில கடுதாசி. அதை எடுத்துப் பாக்க வேண்டியதில்ல, மனப்பாடம். அய்யா, வணக்கம், லைசென்ஸ் பெற்ற சர்வேயராகிய நான் கீழ்க்கண்ட கட்டடங்களுக்கு அளந்து கொடுத்த உயரம் தவறு என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கீழ்க்கண்ட கட்டடங்கள்னு பத்து கட்டடத்துப் பேரை எழுதியாச்சு. பதினொண்ணுன்னு நம்பர் போட்டு, புள்ளி வச்சு, அப்படியே விட்டுட்டேன். அந்தப் பதினொண்ணுக்கு மேலதான் இப்ப உக்காந்திருக்கேன். கமலாம்பாள் என்கிளேவ். இதோட அஞ்சாவது மாடி, இந்தத் தளத்துக்கு நேர் கீழ, என் தங்கச்சி வனஜா வீடு. குக்கர் விசில் அடிக்குது, எனக்குத்தான் சமைக்கிறா. மூணு மணிக்கு ஏர்போர்ட் ஆபீஸ்ல வரச்சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள பதினொண்ணுக்கு எதிர்ல ஏதாவது எழுதணும், இல்லன்னா அந்த நம்பரை அடிக்கணும்.

இந்த மேட்டுக்குளம் சுத்துவட்டாரத்துல முப்பது வருஷமா ஒருத்தன் மாடி கட்டணும்னா என்கிட்ட வரணும். பக்கத்துல ஏர்போர்ட் இருக்கறதால எவ்வளவு உயரம் கட்டலாம்னு அவங்ககிட்ட கேட்டுத்தான் கட்டணும், கேக்கறதுக்கு முன்னாடி அந்த மனை கடல் மட்டத்துலேர்ந்து எவ்வளவு மேல இருக்குன்னு ஒருத்தன் அளந்து சொல்லணும். அந்த ஒருத்தன் நான். தரையிலேர்ந்து அளக்கறது இல்லய்யா, கடல்லேர்ந்து, எத்தனை தடவை சொன்னாலும் ஜனங்களுக்குப் புரியாது. கடலுக்கு நாடாவைப் பிடிச்சிட்டு ஓட முடியாது இல்லையா, அதுக்குத்தான் அங்கங்க கல்லு நட்டு, இந்தக் கல்லு கடலுக்கு இவ்வளவு மேலன்னு வெள்ளைக்காரன் காலத்துலயே வெட்டி வச்சிருக்கான். ஏரிக்கரை மதகுகிட்ட எங்க கல்லு. ஒம்பது மீட்டர் பதினாலரை சென்டிமீட்டர். என் பொண்ணு பொறந்த தேதி மறந்தாலும் மறக்கும், அது மறக்காது. அந்தக் கல்லைத்தான் ஜனங்க கல்லம்மான்னு கும்பிடறாங்க. மஞ்சள், குங்குமம், வேப்பிலை, ஆடி மாசம் கூழு. நானும் கும்பிடுவேன். செருப்பைக் கழட்டி, குங்குமத்தை ஓரமா ஒதுக்கி, தாயே மன்னிச்சுக்கோன்னு சொல்லி, அளவுகோலை அம்மா தலைமேல வைப்பான் என் ஆளு ஏகாம்பரம். இருபத்திரண்டு வருஷமா எனக்கு அளவுகோல் பிடிக்கறவன், என்னை விட ரெண்டு வயசு பெரியவன். நான் கருவியில கண்ணை வச்சுப் படிப்பேன். சாமி மேலயே வச்சு அளக்கறோம், அதுல பொய் வருமான்னு ஒரு தெம்பு. தெம்பா அது, திமிரு. ரெண்டு கல்லைப் பாக்காம கையெழுத்துப் போடாதேன்னு வேலை கத்துக்கிட்ட முதல் வாரமே மண்டையில ஏத்தினாங்க. அடுத்த கல்லு ரயில்வே ஸ்டேஷன்கிட்ட, மூணு கிலோமீட்டர். வெயில்ல எவன் போவான்? இருபது வருஷம் சரியா இருந்த கல்லு, இன்னைக்கு மட்டும் தப்பாவா இருக்கப்போகுதுன்னு விட்டேன். போன வியாழக்கிழமை அங்க நிழலுக்கு ஒதுங்கினப்ப பூக்காரம்மா சும்மா பேச்சுக்குச் சொல்லுது. முன்னாடியெல்லாம் அம்மா பள்ளத்துல கிடந்தாங்க சாரு, ரோட்டை மேல மேல போட்டு அம்மாவையே மூடிட்டாங்க, மழைத் தண்ணியெல்லாம் அம்மா மேலதான், சாமியை நாம மிதிச்சிட்டுப் போறதான்னு தெருவே சேர்ந்து தோண்டி எடுத்து, பீடம் கட்டி, மேல தூக்கி வச்சு, அய்யரை வரவழைச்சு அபிஷேகமெல்லாம் பண்ணோமே, நீங்க அப்ப ஊர்ல இல்லையா? எப்பம்மா, எப்பன்னு கேட்டேன். அது ஆச்சு எட்டு வருஷம், என் பேத்தி பொறந்த வருஷம்னு சிரிக்குது. பீடத்தைச் சுத்தி டைல்ஸ் ஒட்டினப்ப நான்கூட பாத்தேன், கல்லையே தூக்கியிருப்பாங்கன்னு தோணல. அழகா பண்ணியிருக்காங்கன்னு நெனச்சேன், கடவுளே, அழகா பண்ணியிருக்காங்கன்னு.

கல்லு மேல போனா கணக்கு கீழ போகும். கல்லு இன்னும் ஒம்பது மீட்டர் பதினாலரையில இருக்குன்னு நெனச்சு நான் எழுதின மனையெல்லாம் நிஜத்துல அதைவிட உசரத்துல இருக்கு. நான் எழுதினதை நம்பி அவங்க கொடுத்த உயரம் அவ்வளவும் கூடுதல். எவ்வளவு கூடுதல்? வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் ஏகாம்பரத்தை இழுத்துக்கிட்டு ஸ்டேஷன்லேர்ந்து மதகு வரைக்கும் அளந்தேன், போயிட்டு வந்து, போயிட்டு வந்து. ஸ்டேஷன் மஞ்சள் போர்டுல ஊர் பேருக்குக் கீழ கடல் மட்டத்துக்கு மேல எவ்வளவுன்னு பொடியா எழுதியிருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. அங்கேர்ந்து ஆரம்பிச்சோம். முதல் தடவை ஒரு மீட்டர் அறுபத்தெட்டு. ரெண்டாவது அறுபத்தாறு. அப்புறம் ரெண்டு தடவை அறுபத்தேழு, அறுபத்தேழு. ஏகாம்பரம் அளவுகோலைத் தோள்ல சாச்சுக்கிட்டு, சாமி வளந்துடுச்சு சார்ங்கறான். சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன், சிரிச்சுக்கிட்டே மதகுச் சுவத்துல உக்காந்துட்டேன், அவன்தான் கை கொடுத்துத் தூக்கினான். ஒரு மீட்டர் அறுபத்தேழு. அது என்னோட உயரம், அதான் பெரிய கூத்து. மிலிட்டரிக்குப் போகணும்னு பதினெட்டு வயசுல அளந்தப்ப எழுதினது அதே நூத்தி அறுபத்தேழு. பதினொரு கட்டடத்து மொட்டைமாடியிலயும் நானே ஏறி நின்ன மாதிரி. எட்டு வருஷமா மழையிலயும் பனியிலயும் நின்னுக்கிட்டு இருக்கேன், எனக்கே தெரியல.

வருது. மூடி ஆடுது. பத்தாவது.

சரி, ஒரு மீட்டர் அறுபத்தேழுல என்ன வந்துடப்போகுது, நேத்து ராத்திரியிலேர்ந்து இதையே நூறு தடவை சொல்லிப் பாத்துட்டேன். இப்ப போச்சே, எனக்கும் அதுக்கும் நடுவுல எழுபது மீட்டருக்குக் குறையாம இருக்கும். நல்ல நாள்ல ஒண்ணும் ஆகாது, சத்தியமா ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தக் கணக்கு நல்ல நாளுக்குப் போட்டது இல்லயே. ஐப்பசி மழையில எதிர்ல வர்ற கை தெரியாதே, அன்னைக்குப் போட்டது. கிளம்பும்போது ஒரு எஞ்சின்ல பருந்து பூந்து நின்னு போச்சுன்னா மிச்சம் இருக்கற ஒத்தை எஞ்சினை வச்சுக்கிட்டு மெதுவா, ரொம்ப மெதுவா, கர்ப்பிணி படியேறுற மாதிரி ஏறுமே, அன்னைக்குப் போட்டது. எல்லாமே தப்பிப்போற அந்த ஒரு நாளுக்காக எவனோ உக்காந்து கோடு போட்டு, இதுக்கு மேல ஒரு செங்கல்கூட வரக்கூடாதுன்னு வச்சிருக்கான். அந்த நாளுக்காகச் சேத்து வச்சதைத்தான் நான் திருடியிருக்கேன். திருடணும்னு திருடல. திருடணும்னு திருடலன்னா திருட்டு இல்லன்னு ஆயிடுமா? அந்த நாள் வராமலே போயிடலாம். எட்டு வருஷம் வரலயே. எட்டு வருஷம் வரலன்னா நாளைக்கு வராதா? நாளைக்கு வெதர் எப்படின்னு பாத்தேன், மழைன்னு போட்டிருக்கு.

ரெண்டு மாசம் முன்னாடி கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க, ஏர்போர்ட்டை ஊருக்கு வெளிய கொண்டு போகணும்னு. நானும் போயிருந்தேன், முன் வரிசையில, டீ பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டு. ஒருத்தர் எழுந்து, ஏழு லட்சம் ஜனம் குடியிருக்கற எடத்துல ஏர்போர்ட் வச்சிருக்காங்களே இது நியாயமா, ஒண்ணு விழுந்தா கீழ பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், பெட்ரோல் பங்குன்னு விரல் விட்டு எண்ணாரு. கை தட்டினோம். இன்னொருத்தர், அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டு போனா அங்க இருக்கற ஏரியும் வயலும் யாரோடது, அந்த ஊர்க்காரன் தலையில கட்டறதான்னு கேட்டாரு. அதுக்கும் கை தட்டினோம். கடைசியா ஒரு கிழவர், ஏர்போர்ட் வந்தப்ப இங்க என்னய்யா இருந்துச்சு, பனைமரமும் முள்ளும்தானே, ஏர்போர்ட்டா ஊருக்குள்ள வந்துச்சு, ஊருதான் போய் அதை முட்டிக்கிட்டு நிக்குதுன்னாரு. அதுக்கு யாரும் தட்டல. நான் மனசுக்குள்ள தட்டினேன், சரியாச் சொன்னீங்க பெரியவரேன்னு. முட்டவிட்டது யாருன்னு அப்ப எனக்குத் தோணல பாருங்க. ஒவ்வொரு மனையிலயும் கருவியோட முக்காலியை நட்டு, கண்ணைச் சுருக்கி, இந்தா கட்டிக்கோ, இந்தா கட்டிக்கோன்னு ஊரை அதுகிட்ட இழுத்துட்டுப் போனது நான்தானே. ஏர்போர்ட் வாசல்ல போய்ப் பாருங்க, எத்தனை பந்தோபஸ்து. துப்பாக்கி, நாயி, கேமரா, கம்பி வேலி, அதுக்கு மேல முள்ளுச் சுருள். தண்ணி பாட்டிலைக்கூட வாங்கித் தூக்கிப் போடறான். இந்த மாடியிலயே போன மாசம் போலீஸ் வந்து, பசங்க லேசர் லைட் அடிக்கறாங்களா, டிரோன் விடறாங்களா, புது ஆள் யாராவது வந்து நிக்கறாங்களான்னு வீடு வீடா விசாரிச்சாங்களாம், வனஜா சொன்னா. ஆபத்தை வாசல்ல தேடறாங்க. ஆபத்து பின்பக்கமா, செருப்பைக் கழட்டி வச்சிட்டு, சாமி கும்பிட்டுட்டு வந்துச்சு. அதுகிட்ட யாரு அடையாள அட்டை கேப்பாங்க.

பத்து கட்டடத்துக்கும் ஒரு வழி இருக்கு, அதைக் கணக்குப் போட்டுட்டேன். மூணு பேரு கொடுத்த உயரத்தை முழுசா கட்டல, அவங்க தப்பிச்சாங்க. ஏழு பேரு தொட்டியை இறக்கி வச்சு, இடிதாங்கிக் கம்பியைப் பிடுங்கினா சரியாயிடும். திட்டுவாங்க, செய்வாங்க. இது ஒண்ணுக்குத்தான் வழியில்ல. இது பிளேன் வர்ற நேர் வழியில இருக்கு, அதனால இதுக்கு அளவும் கறார். கட்டின புண்ணியவான் ஒரு விரக்கடை விடல. தொட்டியைக்கூட கைப்பிடிச் சுவருக்குள்ள அடங்கற மாதிரி குள்ளத் தொட்டியாப் பாத்து வாங்கி வச்சான், நான்தான் யோசனை சொன்னேன், சாமர்த்தியமா சொன்னேன். அதனால இங்க தொட்டியை எடுத்துப் பிரயோஜனமில்ல. கைப்பிடிச் சுவரு நாலடி, ஒரு மீட்டர் இருபது, அதை முழுசா இடிச்சாலும் மிச்சம் நாப்பத்தேழு சென்டிமீட்டர். தளமே மேல நிக்குது. ஒரு முழம். பூக்காரம்மா முழங்கையில போட்டு அளந்து கொடுக்குமே, அந்த ஒரு முழம். அதுக்காக அஞ்சாவது மாடிக்குக் கூரை இருக்கக்கூடாது. கூரை இல்லாத வீட்டை வச்சுக்கிட்டு வனஜா என்ன பண்ணுவா, மழையில குடை பிடிச்சுக்கிட்டு சமைப்பாளா? இடிஞ்சதுன்னா அவ வீடுதான், எதிர் வீட்டு டீச்சர் வீடும். கீழ் நாலு மாடிக்காரங்களுக்கு ஒண்ணுமில்ல.

அவ கீழ்வீடா கேட்டிருந்தாகூட பரவாயில்ல. அஞ்சாவது மாடிதான் வேணும்னா. புருஷன் போனப்புறம், அந்த வெள்ள வருஷம், வாடகை வீட்டுல ராத்திரி கட்டில் கால்ல தண்ணி தொட்டு, விடியறதுக்குள்ள மார் வரைக்கும் வந்து, ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பதினோரு மணி நேரம் நின்னவ. படகுல போய் நான்தான் இறக்கினேன். கை விரல் கம்பியை விட்டு வரல, ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன், விறைச்சுப்போய் இருந்துச்சு. அதுக்கப்புறம் அவளுக்கு ஒரே பேச்சு, ஒசரமா வேணும்ணா, தண்ணி ஏற முடியாத எடமா வேணும். பிளேன் சத்தம் கேக்குமேடின்னேன். சத்தம் கேட்டா கேக்கட்டும், சத்தத்துல மூழ்கிச் சாக மாட்டேன்னா. தைரியமா வாங்கு, அண்ணன் அளந்த கட்டடம், ஒரு நூல் பிசகாதுன்னு சொன்னேன். கிரகப்பிரவேசத்தன்னைக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு இருந்தா, எங்கண்ணன் அளந்ததுங்க, எங்கண்ணன் அளந்ததுங்க. ரெண்டு வருஷமா மழை பெஞ்சா பால்கனியில நாற்காலியைப் போட்டு வேடிக்கை பாக்கறாளாம். மழையை ஒரு பொம்பளை வேடிக்கை பாக்கறதுக்கு நான் எவ்வளவு கொடுத்தாலும் தகும். இப்ப அதை நானே பிடுங்கணும்.

பிடுங்க வேணாமே. யாருக்குத் தெரியும்? ஏகாம்பரம் சொல்ல மாட்டான், கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டான். பூக்காரம்மாவுக்குத் தான் என்ன சொன்னோம்னே தெரியாது. பத்து எழுதிக் கொடுத்தா ஆபீஸ்ல என்ன நெனப்பாங்க, மனுஷன் தானா வந்து தப்பை ஒத்துக்கிட்டான்னு நெனப்பாங்க, பதினொண்ணாவதை எவன் தேடப்போறான்? நம்பரை மட்டும் அடிச்சா போதும், பேனாவால ஒரு கோடு. ஆனா எழுதின அந்தப் பத்துல எதுவும் விமானத்துக்கு நேர் வழியில இல்ல. ஒண்ணுமில்லாத பத்தை எழுதி, இருக்கற ஒண்ணை மறைச்சா, அது ஒத்துக்கறதா, நாடகமா? நாடகம்தான். தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன். எழுதினா தங்கச்சி தெருவுல. எழுதலன்னா ஒவ்வொரு மழைக்கும் நான் எழுந்து உக்காந்துக்கணும், டிவியில சிவப்பு எழுத்து ஓடினா ஓடிப்போய்ப் பாக்கணும், எந்த ஊர், எந்த ஊர்னு. வேற ஊர்னு தெரிஞ்சா அப்பாடான்னு இருக்கும், அந்த அப்பாடாவை நெனச்சாலே காறித் துப்பணும் போல இருக்கு. ஒரு பிளேன்ல நூத்தி எண்பது பேரு. நாலு நிமிஷத்துக்கு நூத்தி எண்பது. மணிக்கு... வேணாம். பெருக்காதே. முப்பது வருஷமா பெருக்கிப் பெருக்கி இந்த மண்டை நாசமாப் போச்சு. பதினொண்ணாவது பிளேன் வரவேண்டிய நேரம் தாண்டி ஒண்ணரை நிமிஷம் ஆச்சு, ஏன் வரல? என்ன ஆச்சு? அய்யோ, வந்து தொலையேன். வந்தாலும் உயிர் போகுது, வராட்டியும் உயிர் போகுது.

மாடிப்படிக் கதவு திறக்குது. வனஜா. இடுப்புல பக்கெட்டு, வாயில நாலு கிளிப்பு. "இங்க என்னண்ணா பண்ற, வெயில்ல? தேடிக்கிட்டே இருக்கேன், காபி ஆறிப்போச்சு"ன்னு கிளிப்பைக் கடிச்சுக்கிட்டே சொல்றா. கொடியில முதல்ல என் சட்டையைத்தான் உதறிப் போட்டா, நேத்து வேர்வையோட வந்து கழட்டிப் போட்டது, காலர் அழுக்கைத் தேய்ச்சே எடுத்திருக்கா. அப்புறம் அவ புடவை, துண்டு, தலைகாணி உறை. முதுகைப் பாத்துக்கிட்டே இருந்தேன். முகத்தைப் பாத்தா சொல்ல முடியாது, முதுகுகிட்ட சொல்லிடலாம்னு தோணுச்சு. சொல்லிட்டேன். கல்லு, பீடம், அறுபத்தேழு, ஒரு முழம், கூரை, எல்லாம். நடுவுல எங்க மூச்சு விட்டேன்னு தெரியல. அவ திரும்பவே இல்ல. புடவையோட மடிப்பை நீவி விட்டுக்கிட்டே இருந்தா, நீவ ஒண்ணுமில்லாதப்புறமும் நீவினா. அப்புறம் வந்து கையை நீட்டினா. கடுதாசியைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லாம தள்ளிப் பிடிச்சு, உதட்டை அசைச்சு அசைச்சுப் படிச்சா.

"பதினொண்ணுன்னு போட்டு ஏன் விட்டிருக்க?"

சட்டைப்பையிலேர்ந்து பேனாவை எடுத்தேன், திரும்ப வச்சேன்.

"எழுத வேணாம்னுதானே விட்டிருக்க? எழுதறதா இருந்தா பத்தோட சேத்து எழுதியிருப்ப. உன் மனசுலயே இல்ல. அப்புறம் என்கிட்ட எதுக்குண்ணா சொல்ற? அடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல?" குரல் ஏறல, அதான் பயமா இருந்துச்சு. "அந்த ஆகாசத்துல போறவங்கள்ல ஒருத்தரையாவது உனக்குத் தெரியுமா? பேரு தெரியுமா? என்னைத் தெரியும்ல? என் கையைப் பிரிச்சியே, தெரியும்ல?"

"வனஜா..."

"எனக்குப் பயமில்லண்ணா. இங்க பாரு, நான் சொல்றேன் கேளு, விழுந்தா முதல்ல என் தலை..."

மூடி ஆடுச்சு. வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கிட்டா. இந்த ஊர் வழக்கம் அது. பிளேன் தலைக்கு மேல வந்தா மேட்டுக்குளத்துக்காரங்க பேச்சைப் பாதியில நிறுத்துவாங்க, கல்யாணத்துல தாலி கட்டச் சொல்ற அய்யர்கூட நிறுத்துவாரு, போனதும் விட்ட எடத்துலேர்ந்து எடுத்துப்பாங்க. நானும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னோம். எப்ப எழுந்து நின்னேன்னு தெரியல. நிழல் அவ முகத்து மேல ஏறி இறங்கிச்சு. அவ கண்ணு அதைப் பாக்கவே இல்ல, என்னையே பாத்துக்கிட்டு இருக்கு. போயிடுச்சு.

"...மேலதானே விழும்? நான் சம்மதிக்கறேன். எழுதாதே."

காலையிலேர்ந்து தராசோட ஒரு தட்டுல பிளேன்ல இருக்கற ஊர் பேர் தெரியாத ஜனத்தை வச்சு, இன்னொரு தட்டுல இவளை வச்சு, ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கி மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தேனே, முட்டாள், முழு முட்டாள். இவ ரெண்டு தட்டுலயும் இருக்கா. பிளேன்ல இருக்கறவன் நாலு நிமிஷத்துல போயிடறான். இவதான் ராத்திரி பகலா கீழயே இருக்கா, மழை பெய்யறப்ப நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறா. அண்ணன் அளந்த கட்டடம்னு சம்மதிக்கறா, அன்னைக்கு மாதிரியே. இன்னொரு தடவை அவ சம்மதத்தை நான் வாங்க முடியாது. "அதுக்குத்தான்டி"ன்னேன். அவ கையிலேர்ந்து கடுதாசியை எடுத்தேன், விடல, இழுத்தேன், ஓரம் கொஞ்சம் கிழிஞ்சு வந்துச்சு. தொட்டி மேல வச்சு எழுதினேன். கமலாம்பாள் என்கிளேவ், மேட்டுக்குளம். தொட்டி மூடி வளைவுல எழுத்து கோணிப்போச்சு, படிக்கறவனுக்குப் புரியணுமேன்னு பக்கத்துலயே திருப்பி ஒரு தடவை எழுதினேன்.

நிமிர்ந்தப்ப வனஜா கொடிகிட்ட நின்னா. கிளிப்பைக் கழட்டிக்கிட்டு இருந்தா. தலைகாணி உறை, துண்டு, ஒண்ணொண்ணா எடுத்து பக்கெட்டுல போடறா. போட்டு பத்து நிமிஷம் ஆகல, தண்ணி சொட்டுது, அவ காலெல்லாம் நனையுது. "காயட்டும் வனஜா, காஞ்சப்புறம் எடுத்துக்கலாம்"னேன். காதுல வாங்கல. புடவையை இழுத்து, ஈரத்தோட நாலா மடிச்சு, அதையும் உள்ள அமுக்கினா. பக்கெட்டை இடுப்புல வச்சுக்கிட்டுப் படியிறங்கிப் போயிட்டா. கொடியில என் சட்டையை மட்டும் விட்டுட்டுப் போனா.